அழித்த கணக்கில் ஒருத்தி

வேலையை விடச் சொன்ன வள்ளியூர் மாப்பிள்ளையை வேண்டாம் என்ற அன்றே, வரன் தேடும் இணையதளத்தில் அம்மா தொடங்கி வைத்த கணக்கைச் சித்ரலேகா அழித்துவிட்டாள். அது நடந்து நாலு வருஷம். இந்த ஞாயிற்றுக்கிழமை அதே மின்னஞ்சலில், தன் இஷ்டப்படி புதுக் கணக்குத் தொடங்க உட்கார்ந்தாள். பாளையங்கோட்டை வீட்டில் அவளும் அம்மாவும் மட்டும்தான்.

இந்த முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் இருப்பதாகத் தளம் சொன்னது. கடவுச்சொல்லை மாற்றி உள்ளே போனாள். திருமணமானவர், வேலை இல்லை, வசிப்பது வள்ளியூர் என்றிருந்தது. படத்தில் அதே மாப்பிள்ளை. பக்கத்து நாற்காலியில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தது அவளேதான். படம் ஏற்றியது இன்று காலை ஏழு மணிக்கு.

சித்ரலேகாவுக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் பொத்துக்கொண்டு வந்தது. 'என்னைப் பற்றி' என்ற கட்டத்தில் எழுதினாள்: "ஏட்டி, நாந்தான் வேண்டாம்னு சொல்லியாச்சே. நீ என்னத்துக்கு அங்கன உக்காந்திருக்க? எந்திச்சு வா."

மத்தியானம் பார்த்தபோது படத்தில் மாப்பிள்ளை மட்டும் இருந்தான். பக்கத்து நாற்காலி காலி.

காய்ந்த துணியை எடுக்கப் போன அம்மா வாசலில் இருந்தே கத்தினாள்: "ஏளா, உன் செருப்பு எப்படி ரெண்டு ஜோடி கிடக்கு? தேஞ்ச இடங்கூட ஒண்ணுபோல இருக்கே!"

"கிடக்கட்டும், நீ சாப்பிட வா" என்று சொல்லிவிட்டு, சித்ரலேகா மூன்றாவது தட்டை எடுத்து வைத்தாள்.