தைத்த விரல்

சுட்டுவிரலை நீட்டாமல் பவுனம்மாள் யார்மேலும் குற்றம் சொன்னதில்லை; தெருவில் அந்த விரலுக்குத் தப்பியவர்களும் இல்லை. அதன் நுனிதான் கதவிடுக்கில் நசுங்கியது. மருத்துவர் விரலை மடக்கி, நுனியை உள்ளங்கைச் சதையோடு சேர்த்துத் தைத்துவிட்டார்.

"ரெண்டு வாரம் ஒட்டியே இருக்கணும்மா. நிமித்துனா தையல் பிஞ்சிடும், நுனி தேறாது."

கதவை அறைந்து சாத்திய ஓரகத்தி ரஞ்சிதம் இதைக் கூடவே நின்று கேட்டாள். அன்றிலிருந்து தினமும் ஆரஞ்சுப் பழத்தோடு வந்துவிடுகிறாள். என்ன பாசம்! பன்னிரண்டாம் நாள், வீடு நிறைய உறவுக்காரர்கள் இருக்க, நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள்.

"கதவச் சாத்துனது யாருன்னு எல்லாரும் கேக்குறாங்க. நீங்களே காட்டுங்களேன்க்கா."

பவுனம்மாள் அவள் பக்கம் திரும்பி வாயைத் திறந்தாள். வார்த்தைக்கு முன்னால் கட்டுக்குள் விரல் நிமிரப் பார்த்தது. ரஞ்சிதம் ஆரஞ்சை உரித்தபடி அந்தக் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.