லெவல் இறக்குங்க

தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தின் சர்ச் ஹாலில் கல்யாண ரிசப்ஷனுக்குப் போட்ட மேடைமேல், பேஸ் கிட்டாரை மாட்டிக்கொண்டு சகாயம் நிற்கிறான். வேலை முடித்துப் பெங்களூர் ரயிலில் நின்றபடியே வந்த கால்கள் ஷூவுக்குள் கொதிக்கின்றன. உள்ளே இருக்கும் கம்பெனிச் சட்டை தெரியாமலிருக்கக் கறுப்புக் கோட்டின் எல்லாப் பட்டனையும் போட்டிருக்கிறான். ஜன்னல் வழியே சாயும் வெயில் அவன் கொண்டுவந்த சின்ன ஆம்ப் பெட்டிமேல் விழுந்து அதை இன்னும் சின்னதாகக் காட்டுகிறது. "இன்னா சகாயம், பெரிய பாக்ஸ் எங்க?" என்கிறாள் பாடகி ரோஸ்லின். "தூக்க முடியலக்கா." அவள் அவனைத் தலையிலிருந்து ஷூவரை பார்க்கிறாள். "மாப்பிள்ளையோட அண்ணன் பெங்களூர்ல ஓட்டல் வச்சிருக்காரு. புடிச்சிருந்தா வாராவாரம் கூப்பிடுவாரு. மூஞ்சியாவது சிரிச்சாப்ல வச்சிக்கோ." அவன் சிரிப்பையும் எடுத்து மாட்டிக்கொள்கிறான். ஒத்திகை தொடங்கியதுமே, வெளியூர் சவுண்டுக்காரர் ஹாலின் கோடியிலிருந்து கத்துகிறார்: "பேஸ், லெவல் இறக்குங்க!" இந்த ஊரில் லெவல் இறங்குவதென்றால் சுரங்கத்தில் இன்னும் ஆழத்துக்குப் போவது. அரைத்தூக்கத்திலிருக்கும் விரல்கள் தாமாகவே ஆழமான சுரம் தரும் தடித்த கம்பிக்கு இறங்குகின்றன. சின்ன ஆம்ப் கரகரவென்று நடுங்குகிறது. மேசையில் அடுக்கிய கண்ணாடி டம்ளர்கள் கிணுகிணுக்கின்றன. "இன்னும் இறக்குங்க!" இன்னும் இறங்க அவனிடம் கம்பி இல்லை. ரோஸ்லின் குனிந்து ஆம்பின் குமிழைத் திருகுகிறாள். "சத்தத்தைச் சொல்றாருடா." இப்போது அவன் வாசிப்பது அவனுக்கே கேட்கவில்லை. சிரிப்பு மட்டும் மாட்டிய இடத்திலேயே இருக்கிறது.