புங்க மரத்தடி

பூங்கா வாசலில் நானும் என் கணவரும் பிரிந்துவிடுவோம். அவர் குளத்தை வலப்பக்கமாகச் சுற்றி வருவார், நான் இடப்பக்கமாக. சேர்ந்து நடந்தால் பேச்சில் நடை நின்றுவிடுகிறது என்று அவர் செய்த ஏற்பாடு. எதிர்க்கரையில் இருக்கும் புங்க மரத்தடியில் சந்திப்போம். "மேடம் இந்தப் பக்கம் புதுசா?" என்பார், தினமும்.

அவருடைய இதய அறுவைக்குப் பின் நடக்க வந்த முதல் நாள், நான் புங்க மரத்தைத் தாண்டி வெகுதூரம் போன பிறகுதான் அவர் எதிரே வந்தார். "என்ன வடிவு, ஓடியா வந்தே?" என்று சிரித்தார். வாசலுக்குப் போகும் வழியில் இரண்டு முறை புங்க மரத்தைத் திரும்பிப் பார்த்தார்.

மறுநாளிலிருந்து மரங்களில் மாட்டியிருந்த பெயர்ப்பலகைகளை ஒன்று விடாமல் வாசித்துக்கொண்டு நடந்தேன். புங்க மரத்தடி எங்களுக்குத் திரும்பக் கிடைத்தது. "பாத்தியா, பழைய வேகம் வந்துடுச்சு" என்றார்.

இன்று பலகைகள் சலித்துவிட்டன. மரத்தடியில் சும்மா நின்றேன். தண்ணீருக்கு அப்பால் அவர் பெஞ்சில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தார். தலை நிமிர்ந்தவர் நேராக என்னைப் பார்த்தார். சட்டென்று குனிந்து செருப்பு வாரை இழுத்துவிட்டேன். இத்தனை வருஷத்தில் அவரிடம் நான் சொன்ன பொய்களில் இவ்வளவு மோசமாகச் சொன்னது வேறில்லை.

மெல்ல நடந்து வந்து சேர்ந்தார். என் காலையே பார்த்தார்.

"செருப்பு அறுந்துடுச்சா?"

"வார் கொஞ்சம் லூசா இருக்குங்க."

"தைக்கக் குடுத்துடாதே. நாளைக்கும் இதையே போட்டுட்டு வா" என்றார்.