இருபத்தேழாவது புறாவால்

"இதுவும் விறகுக்குத்தானோ?" குசினி வாசலில் நின்று கேட்டாள் மனைவி கேதீஸ்வரி.

"ஓம்," என்று பலகையை நீட்டினார் கனகலிங்கம். அது இருபத்தேழாவது.

கணக்கு வாத்தியாராக ஓய்வுபெற்ற கையோடு, யூடியூப் பார்த்துப் புறாவால் மூட்டு வெட்டத் தொடங்கியவர். ஒரு பலகையில் புறாவின் வால்போல வெட்டி, மறு பலகையில் அதற்கேற்ற பற்கள் வெட்டினால், ஆணியும் பசையும் இல்லாமல் இரண்டும் கோத்துக்கொள்ள வேண்டும். அவரும் அரை மில்லிமீற்றர் பிசகாமல் அளந்துதான் கோடு போடுவார். வால் எப்படியோ கோணிவிடும்.

"நல்லா எரியுதோ?"

"சொல்லி வேலையில்லை."

பின்னேரம், சின்ன வாளைக் காணாமல் வழக்கமில்லாமல் குசினிக்குள் நுழைந்தவர் அப்படியே நின்றுவிட்டார். சுவர்த் தட்டில் அவருடைய கோணல் வால்கள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு புதுப் பலகை கோத்திருந்தது. ஒன்றை இழுத்துப் பார்த்தார். அசையவில்லை.

"ஆர் உதுகளை வெட்டினது?"

"நான்தான். நீங்கள் கோயிலுக்குப் போற நேரங்களிலை."

"எப்பிடி அளந்தனீர்?"

"அளக்கேல்லை. உங்கடை கோணலை மேலை வைச்சு, அது போன போக்கிலை கோடு கீறி வெட்டினன். முப்பது வருசமாச் செய்யிற வேலைதானே."

வாத்தியாருக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. நிலத்தில் குந்திக் கண்ணீர் வரச் சிரித்தார்.

"அப்ப விறகுக்கு என்ன செய்தனீர்?"

கேதீஸ்வரி பக்கத்திலிருந்த காஸ் அடுப்பைக் காட்டினாள்.

"உது எப்ப வந்தது?"

"மூண்டு வருசம்."