ஆமை தோண்டிய பதினொரு குழிகள்

ஒரு காட்டில் வீட்டுக்கு ஒரு பழம் வரி. அந்தப் பழங்களைத் தின்றுகொண்டு சில விலங்குகள் ஊருக்காக ஆராய்ச்சி செய்தன. குஞ்சுகளுக்கு ஏன் காய்ச்சல் வருகிறது என்று ஆந்தை பார்த்தது. காட்டுத்தீயை முன்கூட்டியே அறிய முடியுமா என்று கீரி பார்த்தது. கோடையில் தண்ணீருக்கு எங்கே தோண்டலாம் என்று ஆமை மூன்று வருடம் நடந்து நடந்து பார்த்தது.

அறிக்கை வாசிக்கும் நாள் வந்தது. ஆந்தைக்கும் கீரிக்கும் நல்ல கைதட்டல். அடுத்து வந்த ஆமை, வழக்கப்படி நன்றியில் தொடங்கியது. பழம் கொடுத்தவர்கள், நிழல் கொடுத்த மரங்கள், வழிவிட்ட எறும்புகள் என்று அது சொல்லி முடிப்பதற்குள் பாதிக் கூட்டம் தூங்கிவிட்டது.

"விஷயத்துக்கு வாங்க," என்றது குரங்கு.

"பதினொரு இடத்துல தோண்டினேன். எதுலயும் தண்ணி இல்ல. அவ்வளவுதான்."

"இதுக்கா மூணு வருஷம் எங்க பழத்தைத் தின்னீங்க?" என்று குரங்கு குதித்தது.

பின்வரிசையிலிருந்து ஒரு காட்டுப்பன்றி எழுந்தது. கோடைதோறும் குட்டிகளின் தாகத்துக்காகத் தோண்டித் தோண்டி அதன் மூக்கெல்லாம் தழும்பு.

"அந்தப் பதினொன்னும் எங்கெங்கேன்னு கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க," என்றது.

ஆமை சொன்னது. மூங்கில் புதருக்குப் பின்னால் என்றதும் பன்றி பெருமூச்சு விட்டது. "இந்தக் கோடைக்கு அங்கதான் தோண்டறதா இருந்தேன்."

அந்தக் கோடையில் பன்றி வேறொரு இடத்தில் தோண்டியது. சில நாள் கழித்து ஆமையின் வாசலில், வரியில் சேராத பெரிய கிழங்கு ஒன்று கிடந்தது. அதில் ஈர மண் ஒட்டியிருந்தது.