பிள்ளைகள் வராத பள்ளிக்கூடம்

ஊர்க் கமிட்டி மெம்பர் கந்தப்ப முதலியார் பெரும்பாடுபட்டு ஊரிகம் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் கொண்டுவந்தார். சில வாரம் கழித்துப் போய்ப் பார்த்தால், உள்ளே வாத்தியார் மட்டும் உட்கார்ந்திருந்தார்.

முதலியாருக்குக் கோபம் பொங்கியது. நேரே லைனுக்குப் போனார். சுரங்க வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த பச்சையம்மாள் கண்ணில் பட்டாள்.

“இன்னாம்மா, புள்ளைங்கள ஏன் படிக்க அனுப்பல?”

“அனுப்ப ஆசைதான் சாமி. நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிடறோம். புள்ளைங்கதான் கொழாயில தண்ணி புடிக்கணும்.”

“பள்ளிக்கூட நேரத்துலயா? விடியக்காலமே புடிக்கறதுதானே?”

“அப்போ இங்க தண்ணி வராது சாமி. பள்ளிக்கூட மணி அடிச்சப்புறந்தான் தொறந்து விடறாங்க.”

“எவன் செஞ்ச ஏற்பாடு அது?” என்று கத்தினார் முதலியார்.

“யாரோ கந்தப்ப முதலியாராம், கமிட்டி மெம்பராம். அவரு பூந்தோட்டத்துக்குப் பாஞ்சு முடிஞ்சாத்தான் எங்களுக்காம்.”

முதலியார் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“பெரிய மனுசராத் தெரியறீங்க, அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க சாமி” என்று பச்சையம்மாள் கும்பிட்டாள்.

“சொல்றேம்மா” என்றார் தரையைப் பார்த்தபடி.

“உங்க பேரு இன்னா சாமி?”