வாத்து ஃபெயிலான காரணம்

நீச்சல் பாடம் எடுக்கும் தவளை டீச்சர், “காலை உதைச்சுக்கிட்டே இருக்கணும்” என்பார். பறக்கும் பாடம் எடுக்கும் பருந்து சார், “காலை அசைக்கவே கூடாது” என்பார். இரண்டையும் மனப்பாடம் செய்த பத்தாம் வகுப்பு வாத்து, பரீட்சையில் வானத்தில் உதைத்து விழுந்தது. தண்ணீரில் அசையாமலிருந்து மூழ்கப் பார்த்தது.

“ரெண்டு பேரும் கலந்து பேசுங்க” என்று தலைமையாசிரியர் ஆமை கூட்டம் போட்டார்.

தவளை டீச்சர் கூட்டத்தில் கொடுத்த வடையை எடுத்துக்கொண்டு யோசித்தார். ‘வகுப்பில் என்ன சொல்லித் தர்றீங்க?’ என்று பருந்தைக் கேட்கலாம்தான். அவரும் திருப்பிக் கேட்டுத் தொலைப்பாரே! அதனால் வடையை மென்றபடி, “வாத்துக்குக் கவனம் பத்தாது சார்” என்றார்.

“நானும் அதையேதான் சொல்ல வந்தேன் டீச்சர்!”

ஆமை பூரித்துப்போய்க் கூட்டக் குறிப்பேட்டில் எழுதினார்: ‘ஆசிரியர்களிடையே பூரண ஒத்துழைப்பு.’